கரைக்கு உறுதி இல்லை

காலை ஆறு மணி, கோந்தைப்பிட்டிக் கரை. முழங்காலளவு தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும் படகுகளிலிருந்து வலைகளைத் தோளில் சுமந்து இறங்குகிறார்கள். நீர் சொட்டச் சொட்ட வந்து விழும் குவியலைச் சுற்றி ஐந்தாறு பேர் குந்துகிறார்கள். குவியல் தானாக அசைகிறது. உள்ளே நீலக்கால் நண்டு.

நண்டு கழற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஓட்டின் இரண்டு ஓரத்திலும் ஊசிபோல ஒவ்வொரு முள் நீண்டிருக்கும். வலைக்கண் அதில்தான் இறுகும். பெருவிரலால் கண்ணைப் பின்னுக்குத் தள்ளி முள்ளை விடுவித்து, பிறகு கொடுக்கை, கடைசியில் துடுப்புப்போல் தட்டையாக இருக்கும் பின்காலை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கால் முறியும். கால் முறிந்த நண்டுக்கு விலை விழும். எனக்குப் பக்கத்தில் இருந்த காக்கா (மூத்தவரை இங்கே இப்படித்தான் அழைப்போம்) ஒரு நண்டுக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை. அறுபது வயது தாண்டியவர். பார்வை மங்கிவிட்டது என்கிறார். விரல்கள் மங்கவில்லை.

“மன்னாருக்கு இனி வெள்ளைக்காரர் நிறைய வருவாங்களாம். நல்லதுதானே காக்கா?” என்று கேட்டேன்.

“வரட்டும் தம்பி. வாற மனிசர வேணாமெண்டு சொல்லலாமா? ஆனா நான் கற்பிட்டிய பார்த்தவன். கடல் எங்கயும் போவாது. கரதான் போயிரும்.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியது.

உப்புக்குளம் மன்னார் நகரின் ஓரத்தில் இருக்கிறது. முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். கோந்தைப்பிட்டி அதன் இறங்குதுறை. விடுமுறை விளம்பரத்தில் வரும் கடற்கரை இங்கே இல்லை. சேறு கலந்த மணல், பாசி வாடை, இயந்திர எண்ணெய், கருவாடு, கழுதைகள். இதே தீவில் கொஞ்ச தூரம் போனால் விளம்பரத்துக்குரிய கரை கிடைக்கும். நகரத்தார் மாலையில் குளிக்கப் போகும் கீரி, நீண்ட வெண்மணலோடு தாழ்வுபாடு, தலைமன்னாரில் பழைய இறங்குதுறைப் பாலத்துக்கு அப்பால் இராமர் அணையின் மணல் திட்டுகள். பெருநிலத்தில் பூநாரைகள் வந்திறங்கும் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் பிடித்த கோட்டை நகரத்தின் வாசலில் நிற்கிறது. பள்ளிமுனையின் பெருக்க மரத்தைச் சுற்றிப் பிடிக்க ஒரு வகுப்புப் பிள்ளைகள் கைகோக்க வேண்டும். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் புதிய பாலம் 2010 மார்ச்சில் திறந்தது. தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச் 14ஆம் திகதி திரும்பி வந்தது. போர் முடிந்த 2009இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் நாலரை இலட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2018இல் அது 23 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் மன்னார்ப் பக்கம் திரும்பியவர்கள் சிறு தொகை. அந்தத் தொகை பெருகவேண்டும் என்று வேலை தேடி அலையும் எங்கள் பிள்ளைகள் விரும்புவதில் பிழை இல்லை. நானும் விரும்புகிறேன்.

ஆனால் காக்கா கற்பிட்டியைப் பார்த்தவர்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் ஊர்விட்டுப் போனார்கள். மன்னார்த் தீவுக்காரருக்குத் தரைவழி இருக்கவில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்தும் உப்புக்குளத்திலிருந்தும் மீன்பிடிப் படகுகளில் ஏறித் தெற்கே கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வலை கிடந்த இடத்தில் குழந்தைகளைக் கிடத்திக்கொண்டு போனதாகக் காக்கா சொல்வார். அதற்குமேல் அந்தக் கதைக்குள் அவர் போவதில்லை, நானும் கேட்பதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டில் ஆலங்குடா போன்ற இடங்களில் ஓலைக் கொட்டில்களில் முகாம் வாழ்க்கை தொடங்கி, இருபது வருடம் ஓடியது. கற்பிட்டி மக்கள் தங்கள் களப்பிலும் கடலிலும் இடம் விட்டார்கள். நெருக்கடி வந்தபோது மனத்தாங்கலும் வந்தது. பகிர்ந்து உண்ண மீன் எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை.

அந்த இருபது வருடத்துக்குள்தான் கற்பிட்டி மாறத் தொடங்கியது. அகதி முகாம் இருந்த அதே ஆலங்குடாவின் கடற்கரைப் பக்கம் விடுதிகள் எழுந்தன. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆயிரக்கணக்கில் துள்ளும் டொல்பின்களைக் காட்டவும், திமிங்கிலம் தேடவும் மீன்பிடிப் படகுகளே பயணிகளை ஏற்றின. கண்டக்குழி, குடாவ, கப்பலடிக் களப்பு ஆகியவற்றின் பெயர்கள் ஐரோப்பாவில் காற்றாடிச் சறுக்குக்காரர் வாயில் புழங்கத் தொடங்கின. அரசாங்கம் இன்னும் பெரிதாக யோசித்தது. குடாநாட்டையும் அதைச் சூழ்ந்த 14 தீவுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 4,000 ஏக்கரில் ஒரு சுற்றுலா வலயம். திட்டத்தில் இருந்த அளவுக்கு அது கட்டி எழுப்பப்படவில்லை. இருந்தாலும் வரைபடம் ஒன்று போட்டாலே போதும், நிலத்தின் விலை ஏறிவிடும், வேலி வந்துவிடும். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் தலைமுறையாக வாடி என்னும் மீனவர் கொட்டில் போட்டிருந்த தீவுக் குடும்பங்கள் ஒரு நாள் காலையில் எழும்பிப் பார்க்க, கரைக்குப் போகும் வழி கம்பியால் அடைபட்டிருந்த கதைகளைக் கற்பிட்டிக்காரர் இன்றும் சொல்வார்கள். மீனவர் அமைப்புகள் வீதிக்கு இறங்கின. நீதி கேட்டு வெளிநாடுவரை குரல் போனது.

கற்பிட்டியின் எல்லாக் கதையும் துக்கக் கதை அல்ல. டொல்பின் பருவத்தில் ஒரு காலைப்பொழுது பயணிகளை ஏற்றியவர், வலை வீசிக் கிடைக்காத பணத்தோடு வீட்டுக்குப் போகிறார். எண்ணெய்ச் செலவு போக மிஞ்சுவதும் உறுதியாக மிஞ்சுகிறது. கடலை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் டொல்பினும் அகப்படும். அந்த அறிவுக்கு முதல்முறையாக ஒரு கூலி கிடைத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. அது காற்றோடு தொடங்குகிறது.

மே மாதம் சோளகம் எழும்பும். செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். மேற்குக் கடல் கொந்தளிக்கும். கற்பிட்டியின் வெளிக்கடல் மீனவர் படகைக் கரைக்கு ஏற்றுவார், வாடியைப் பிரிப்பார், பலர் கிழக்குக் கரைக்கோ முல்லைத்தீவுக்கோ தொழிலுக்குப் போவார். மிஞ்சுகிறவர் களப்புக்குள் திரும்புவார். காற்றாடிச் சறுக்குக்காரருக்கு வேண்டியதும் இதே சோளகம்தான். காற்று பலமாக, தண்ணீர் தட்டையாக இருக்க வேண்டும். தட்டையான தண்ணீர் களப்பில்தான் உண்டு. ஆகவே, கடல் மூடிய மாதங்களில் ஏழை மீனவனின் கடைசிப் புகலிடமாக இருக்கும் அதே களப்பில், அதே மாதங்களில், அதே காற்றில் முப்பது நாற்பது பட்டங்கள் எழும்புகின்றன. களப்பில் வலை கட்டுகிறவர் விடியலுக்கு முன் கம்பு ஊன்றிவிட்டுப் போவார். பத்து மணிக்கு மேல் பலகையில் சறுக்கி வருகிறவருக்கு நீருக்கடியில் கிடக்கும் வலை தெரியாது. ஒருமுறை நான் கரையில் நின்று பார்த்தேன். பட்டம் ஒன்று தளர்ந்து விழுந்து, அதன் கயிறு வலைக்கம்பில் சுற்றிக்கொண்டது. சறுக்கி வந்த இளைஞன் நீந்திப் போய்ப் பொறுமையாக அவிழ்த்தான், கம்பைத் திரும்ப ஊன்றியும் பார்த்தான். சரியாக ஊன்றத் தெரியவில்லை. நல்ல பிள்ளை. வலைக்காரர் தோணியில் வந்து ஒன்றும் பேசாமல் கம்பைப் பிடுங்கி, நாலடி தள்ளி ஊன்றிவிட்டுப் போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாலடி தள்ளியாயிற்று. அடுத்த பருவத்தில் எவ்வளவு தள்ள வேண்டியிருக்கும்?

சோளகக் காலத்துக் கரைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அந்தக் கரை வெறுமையாகத் தெரியும்.

மன்னார்த் தீவில் இது இன்னும் தெளிவு. தீவு ஒடுங்கலாகக் கிடக்கிறது, முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த நீளம். வடக்கே பாக்குநீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். சோளகத்தில் தென்கடல் பொங்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் மாறிப்போகும். ஆகவே ஒரே மீனவருக்கு இரண்டு கரை வேண்டும். அரை வருடம் இங்கே, அரை வருடம் அங்கே. நீர்கொழும்பிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி அடிப்பவர்களும் இந்தக் கணக்குப்படிதான் வருகிறார்கள். தென்கரையில் ஜூலை மாதம் ஒருவர் காணி பார்க்க வந்தால் என்ன காண்பார்? மணல், அடம்பன் கொடி, பிரித்த வாடியின் நாலு குழி. ஆள் இல்லை, படகு இல்லை. “யாரும் பாவிக்காத இடம்” என்று அவருடைய குறிப்பேட்டில் ஏறிவிடும். வயலை அறுவடைக்குப் பிறகு பார்த்துவிட்டு, இது தரிசு என்று எழுதுவது போன்றது அது. ஊர்ப் பெயர்களைக் கேட்டிருந்தாலே விளங்கியிருக்கும். தாழ்வுபாடு, வங்காலைப்பாடு என்று எங்கள் தீவின் ஊர்களே பாடு என்று முடிகின்றன. கரைவலை இழுக்க ஒருவருக்கு உரிய இடமும் முறையும்தான் பாடு. பெயரில் இருக்கிறது. காணிப் பதிவேட்டில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ் நீர்மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். 2011இல் திருத்தப்பட்டு, இன்றும் அதுதான் அடிப்படை. மணல் அரசாங்கத்தின் சொத்து. கரைவலைப் பாட்டுக்குக் கடற்றொழில் திணைக்களம் அனுமதிப்பத்திரம் தருகிறது. அது வலை இழுப்பதற்கான அனுமதி, நிலத்துக்கானது அல்ல. நாளாந்தம் படகு கொண்டுவந்து நிறுத்துகிற, வலை காயப்போடுகிற, நண்டு கழற்றுகிற இடத்துக்கு மீனவர் கையில் துண்டுக் காகிதம் கிடையாது. வழக்கம் இருக்கிறது. வழக்கத்தைச் சாட்சி சொல்ல ஊர் இருக்கிறது. ஊர் இல்லாமற்போனால்?

உப்புக்குளத்துக்கு அதுதான் நடந்தது. 1990இல் ஊர் இல்லாமற்போனது. போரில் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து மன்னாருக்கு வந்த தமிழ் மீனவர்கள் கோந்தைப்பிட்டியில் படகு கட்டினார்கள். அவர்களும் வீடு இழந்து வந்தவர்கள்தான். துறை வெறுமையாகக் கிடந்தது, பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், வேறு என்ன செய்வார்கள்? போர் முடிந்து உப்புக்குளத்தார் திரும்பி வந்தபோது தங்கள் துறையில் மற்றவர்களின் படகுகள் நின்றன. இரண்டு பக்கமும் இழந்தவர்கள், இரண்டு பக்கமும் உரிமை கேட்டார்கள், ஒருவரிடமும் உறுதி இல்லை. வழக்கு நீதிமன்றம் போனது. 2012 ஜூலையில் நீதிமன்றக் கட்டளையை எதிர்த்து ஆர்ப்பாட்டம் எழுந்து, மன்னார் நீதிமன்றக் கட்டடத்தின்மேல் கல் விழுந்தது. நாடு முழுவதும் சட்டத்தரணிகள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். பத்திரிகைகள் அதை இனப் பிரச்சினை என்றும் ஓர் அரசியல்வாதியின் பிரச்சினை என்றும் எழுதித் தீர்த்தன. அதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் அடியில் கிடந்தது சில நூறு அடிச் சேற்று மணல். அதை யாருக்கு என்று எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு மொழி பேசும், ஒரே தொழில் செய்யும் இரண்டு ஏழைச் சமூகங்களுக்கு நடுவிலேயே எழுதாத கரை இவ்வளவு செய்யுமென்றால், பணத்தோடும் வரைபடத்தோடும் வரும் ஒரு நிறுவனத்துக்கும் ஒரு மீனவ சங்கத்துக்கும் நடுவில் அது என்ன செய்யும்? இந்தக் கேள்வியைத்தான் மன்னாரின் சுற்றுலாக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை.

கிழக்கில் இதற்கு இரண்டு விடை இருக்கிறது. பாசிக்குடாவும் அறுகம்குடாவும்.

பாசிக்குடா பிறைபோல் வளைந்த கரை. இடுப்பளவு தண்ணீரில் நூறு மீற்றர் நடக்கலாம். சுனாமியும் போரும் அதை வெறுமையாக்கி வைத்திருந்தன. 2011 தொடக்கம் அரசாங்கம் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெரிய விடுதிகளுக்குக் கொடுத்தது. இன்று பிறையின் உட்பக்கம் முழுவதும் வரிசையாக நீச்சல்தடாகங்கள். மீனவரின் படகுகள் வளைவின் ஓரத்துக்கு ஒதுங்கின. கல்குடாப் பக்கத்து இளைஞர்கள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. கரை கிடைக்கவில்லை.

அறுகம்குடா வேறு வழியில் போனது. 1970களிலேயே அலைச்சறுக்குக்காரர் தேடி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது ஊர்க்குடும்பங்கள். முதலில் வீட்டில் ஒரு அறை, பிறகு முற்றத்தில் இரண்டு கொட்டில், பிறகு மாடி. 2004 சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது. சுற்றுலாவுக்கு வேறு கணக்கு வைத்தது. மீனவரை உள்ளே தள்ளிவிட்டுப் பெரிய உல்லாச நகரம் அமைக்கும் யோசனையை அறுகம்குடா மக்கள் கறுப்புக்கொடி பிடித்து எதிர்த்தார்கள். கனடிய எழுத்தாளர் நயோமி கிளைன் அதைத் தன் நூலில் எழுதினார். இன்று அங்கே போனால் குடாவின் நடுவில் மணல்மேல் படகுகள் வரிசையாக ஏறி நிற்பதைக் காணலாம். காலையில் மீன் ஏலம் போகும், பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண் கோப்பி குடிப்பாள். குறை இல்லாத இடம் அல்ல. குப்பையும் கூச்சலும், ஊர் வழக்கத்தோடு உரசும் இரவுக் கொண்டாட்டங்களும் அங்கே உண்டு. ஆனால் மீனவன் மீனவனாகவே நிற்கிறான். விடுதி வைத்திருப்பவனும் பெரும்பாலும் அவனுடைய மச்சான்.

இரண்டு குடாவுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அழகிலும் இல்லை, பயணிகளின் குணத்திலும் இல்லை. ஒன்றில் கரை மொத்தமாகக் கைமாறியது. மற்றதில் அறை அறையாக ஊரின் கையிலேயே வளர்ந்தது.

உலகத்தில் மீனவக் கிராமங்கள் விடுமுறை நகரங்களான கதைகளைச் சொல்கிறவர்கள் ஸ்பெயினின் பெனிடோர்மைக் காட்டுவார்கள். டூனா மீனுக்கு நிலைவலை கட்டுவதில் பெயர்போன ஊர், 1956இல் மேயர் பெட்ரோ சரகோசாவின் நகரத் திட்டத்துக்குப் பிறகு வானுயர் கட்டடக் காடானது. ஆனால் அங்கே வலைத்தொழில் நலிந்து தீர்ந்த பிறகே விடுதிகள் பெருகின. மன்னாரில் தொழில் சாகவில்லை. இந்திய இழுவைப்படகுகள் பாக்குநீரிணையின் அடியைச் சுரண்டியும், எரிபொருள் விலை ஏறியும், கடலட்டை குறைந்தும், இன்றைக்கும் கோந்தைப்பிட்டியில் குவியல் அசைகிறது.

பருவத்துக்கு வந்து போகும் கூட்டம் எங்கள் கரைக்குப் புதிதும் அல்ல. ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு அறிவித்தால் மரிச்சுக்கட்டியில் வெறும் மணலில் சில வாரத்துக்குள் ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர், பம்பாய் வணிகர், கடைத்தெரு, நீதிமன்றம், வைத்தியசாலை என்று பல்லாயிரம் பேர் கூடுவார்கள். 1906இல் இளம் அதிகாரியாக எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப் அங்கே வேலை பார்த்தார். அதே வருடம் குளிப்பு உரிமையை அரசு ஒரு கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. கொஞ்ச வருடத்தில் கடலடி முத்துப் பார்களில் சிப்பி இல்லை, கம்பனி கவிழ்ந்தது. முத்தை மேற்பார்க்க ஆளுநர் பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை செங்கல் செங்கலாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். குளிகாரரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் செல்வத்திலிருந்து என்ன மிஞ்சியது என்று பக்கத்துச் சிலாவத்துறையில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது காற்றுக்கும் கிராக்கி வந்துவிட்டது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி மின்நிலையத்தில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அவை வந்த பிறகு கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது என்று தென்கடல் மீனவர் சொல்கிறார்கள். மழைநீர் வடிந்தோடும் வழிகள் அடைபட்டதாகவும் சொல்கிறார்கள். 2025இல் மேலும் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னாரில் வாரக்கணக்கில் மக்கள் வீதியில் இருந்தார்கள். கிறிஸ்தவக் குருமார், மௌலவிமார், இந்துக் குருமார் என்று எல்லாரும் ஒரே பந்தலில். 2012இல் கல் விழுந்த அதே நகரத்தில். கரை போகிறது என்ற பயம் வந்தால் ஊர் ஒன்றாக நிற்கும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

ஆகவே என் கோரிக்கை சின்னது, ஆனால் முந்தி நடக்க வேண்டியது. விடுதிக்கு இடம் குறிக்கும் முன் துறைக்கு இடம் குறியுங்கள். பள்ளிமுனையிலிருந்து தலைமன்னார்வரை, வடகடலிலும் தென்கடலிலும், ஒவ்வொரு இறங்குதுறை, ஒவ்வொரு பாடு, வலை காயும் இடம், கருவாடு போடும் மணல், வீதியிலிருந்து கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். சோளகத்தில் ஒருமுறை, வாடையில் ஒருமுறை அளக்க வேண்டும். ஒருமுறை மட்டும் அளந்தால் பாதிக் கரை வெறுங்கரையாகிவிடும். அளப்பவரோடு ஊர்ச் சங்கத்தாரும், கரையில் நண்டு கழற்றுகிற, கருவாடு போடுகிற பெண்களும் போக வேண்டும். எந்த மணல் யாருடைய உழைப்பில் நிற்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிரதேச செயலகத்திலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் அந்த வரைபடம் தொங்கட்டும். அதன்பிறகு யார் வந்தாலும் மிச்ச இடத்தைப் பற்றிப் பேசலாம்.

அது நடந்தால் நண்டு கழற்றும் கை அறையும் நடத்தும். பூநாரை பார்க்க வருபவரை வங்காலைக்குக் கூட்டிப்போகவும், இராமர் அணையின் திட்டுகளில் எந்த மணலில் எந்த நேரம் இறங்கலாம் என்று சொல்லவும் எங்கள் படகோட்டிகளைவிடத் தகுதியானவர் வேறு யார்? உப்புக்குளத்து உம்மாமார் வைக்கும் நண்டுக் குழம்பைச் சாப்பிட ஆள் வருவார். காற்றாடிச் சறுக்குக்காரர் கற்பிட்டியிலிருந்து மன்னார்ப் பக்கம் பயணம் வரத் தொடங்கி வருடங்கள் ஆகின்றன. 1990இல் எங்கள் படகுகள் போய் இறங்கிய அதே கற்பிட்டி. இந்தமுறை வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களை வரவேற்க மனசு நிறைய இடம் இருக்கிறது.

கோந்தைப்பிட்டியில் வெயில் ஏறிவிட்டது. நண்டைத் தராசில் போட்டு, பெட்டியில் ஐஸ் கொட்டி, வாகனம் புறப்பட்டது. காக்கா கைகழுவிவிட்டு, படகின் முன்பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இன்னொரு உறை. உப்புத்தண்ணீர் படாமல் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். தேசிய அடையாள அட்டை. மீனவர் அடையாள அட்டை. படகுப் பதிவு. தொழில் அனுமதிப்பத்திரம். இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டு, மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்டது.

“எனக்குக் காயிதம் இருக்கு, தோணிக்கு இருக்கு, எஞ்சினுக்கு இருக்கு. தோணி நிக்கிற இடத்துக்கு எங்க இருக்கு, நீங்க படிச்சவர்தானே, தேடிப் பாருங்க தம்பி.”

நான் தேடினேன். பிறகு படகைப் பார்த்தேன். அதன் நெற்றியில் பதிவு இலக்கம் வெள்ளைப் பூச்சில் எழுதியிருந்தது. கடைசியில் மன்னாரைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்து. மாவட்டம்வரை எழுதியிருக்கிறது. துறை எழுதப்படவில்லை.

காக்கா காகிதங்களைப் பழையபடி மடித்து, உறைக்குள் உறை வைத்து, முன்பெட்டிக்குள் தள்ளினார். பின்னேரம் வலை வைக்கப் போகவேண்டும். கிழிந்த கண்களைக் கட்ட ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு நிழலுக்கு நகர்ந்தார்.